மண் சரிந்த வருஷத்து ஜாடி

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கும் வழக்கம் கிடையாது, ஜாடிதான் பார்ப்போம். ஊருக்குப் பெயர் சவேரியார் கரடு. கம்பத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலைக்கு யாரோ படிக்கட்டு கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுப் போனதுபோல ஒரு சரிவு தெரியும், அந்தப் படிக்கட்டுதான் ஊர். மொத்தம் பதினாலு அடுக்கு. அடுக்குக்கு அடுக்கு கல் வைத்துச் சுவர் எழுப்பி, மண்ணை நிறுத்தி, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து, அதன்மேல் பன்னீர் திராட்சைப் பந்தல் படர விட்டிருக்கிறோம். மேல் அடுக்குகளில் சரளை மண். வேர் தண்ணீரைத் தேடி அலைந்து அலைந்து இளைத்துப்போய், பழம் சின்னதாகக் காய்க்கும், அதில் போட்ட திராட்சை ரசம் மெலிந்து நாக்கின் ஓரத்தில் புளிக்கும். நடு அடுக்குகளில் செம்மண். அந்த ரசத்தில் ஒரு துருவேறிய வாடை இருக்கும், அதைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கீழே ஓடை கொண்டுவந்து போட்ட வண்டல். அந்த ரசம் கனத்தது, சோம்பேறி, குடித்தவனை உட்கார்ந்த இடத்திலேயே தூங்க வைத்துவிடும். மண் கொடுப்பது பாதிதான், மீதியை வருஷம் கொடுக்கும். கணவாய்க் காற்று ஆடி மாதம் முழுக்கச் சுழற்றியடித்த வருஷம் பழத்தின் தோல் தடித்து ரசம் துவர்க்கும். மஞ்சுப் பனிமூட்டம் இறங்கி விலகாமல் கிடந்த வருஷம் ரசத்தில் காயாத துணியின் வாடை வரும். வெயில் கொன்ற வருஷத்து ரசமோ வெல்லப்பாகுபோல் இனித்துத் தொண்டையைக் காந்தும். இதெல்லாம் திராட்சை விளைகிற எந்த மலையிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் ஜாடியைத் திறந்தால் அந்த வருஷமே வெளியே வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், அந்த வருஷத்து அறுப்பில் அந்த வீட்டின் சொந்த அடுக்கில் விளைந்த பழத்தை எடுத்து, பிள்ளையின் அத்தைதான் காலால் மிதிக்க வேண்டும். மிதித்த ரசம் நொதித்து அடங்கியதும் பீங்கான் ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகை உருக்கி அடைத்து, அதே அடுக்கின் மூலையில் கழுத்தளவு புதைத்து வைப்போம். அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்றுதான் அதைத் தோண்டித் திறப்பது. மெழுகு உடைந்து முதல் குவளை நிரம்பியதும் அந்த வீட்டுக்கும் அந்த அடுக்குக்கும் மேலே மட்டும் அந்தப் பழைய வருஷம் வந்து நிற்கும், வெயில் வருஷமானால் வெயில், காற்று வருஷமானால் காற்று, ஊற்றிய ரசத்தின் கடைசிச் சொட்டு குடித்து முடிகிறவரைக்கும் நிற்கும், பிறகு போய்விடும். எப்போதிலிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியாது. அரசாங்கத்திலிருந்து ஒருமுறை ஒரு அதிகாரி வந்து, நாட்டாமை வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்து, பக்கத்து அடுக்கில் வெயில் அடிக்கையில் தன் இலைமேல் சாரல் விழுவதைப் பார்த்துவிட்டு, மலைப்பகுதியில் மேகம் இப்படித்தான் என்று எழுதிக்கொண்டு போனார். பாயசம் மட்டும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

ஜாடிக்கு ஒதுக்கியதுபோக மிச்சம் வருகிற ரசத்தைப் புட்டிகளில் வைத்துக்கொண்டு அவரவர் சௌகரியத்துக்குப் புழங்குவோம். வடகம் காயப்போட்ட அன்றைக்கு வானம் மூடினால் பெண்கள் வெயில் வருஷத்துப் புட்டியை எடுத்து ஆளுக்கு ஒரு வாய் குடித்துக்கொண்டே கூடத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், வடகம் காய்ந்ததும் மூடி வைத்துவிடுவார்கள். சித்திரையில் காய்ச்சல்காரனுக்கு மஞ்சு வருஷத்து ரசம் ஒரு கரண்டி. கோயிலில் பூசைக்கு வைக்கிற ரசம் எல்லா அடுக்கும் எல்லா வருஷமும் கலந்தது என்பதால் கோயிலுக்குள் மட்டும் எப்போதும் கூடவும் குறையவும் இல்லாத ஒரு பருவம் இருந்தது, பூசை வைக்க வரும் சாமியார்கள் மாற்றலாகிப் போக மனமில்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வானிலை மட்டும் வருவதில்லை, அந்த வருஷத்துக் காற்றில் என்ன சத்தம் இருந்ததோ அதுவும் கூடவே வரும். என் கல்யாணத்தில் என் ஜாடியைத் திறந்தபோது எப்போதோ செத்துப்போன எங்கள் வீட்டு நாய் குரைத்தது. என் அப்பா பந்தியை விட்டு எழுந்துபோய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அதனால்தான் ஜாடிப் பொருத்தம். வெயில் வருஷத்துப் பெண்ணுக்கு வெயில் வருஷத்து மாப்பிள்ளை கூடாது, பந்தலே பற்றிக்கொள்ளும். காற்றுக்கும் மழைக்கும் சேராது. மஞ்சு வருஷத்துக்காரர்கள் யாரோடும் சேர்வார்கள், அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எந்த வருஷத்தோடும் சேராத ஒரே ஒரு ஜாடி ஊரில் இருந்தது. அது என் மைத்துனர் சந்தியாகுவின் மகள் ஜெசிந்தாவின் ஜாடி, மண் சரிந்த வருஷத்து ஜாடி.

சந்தியாகு என் மனைவி பிரகாசியின் அண்ணன். அவர் வீடு பதினாலாவது அடுக்கில், உச்சியில். அந்த ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. அவர் மனைவி சலேத்தம்மாளுக்கு ஏழு மாதம். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று அவளும், கொடிக்குக் கவாத்து வெட்டி முடியட்டும் என்று அவரும் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, ஒன்பதாம் நாள் காலையில் அது பெரிய சண்டையாகிவிட்டது. அவர் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே கல்சுவரைப் பார்க்கப் போனார். பிற்பகல் மூன்று மணிக்கே விளக்கு வைக்கிற அளவுக்கு இருட்டியது. அப்போதுதான் மேலே மலை அசைந்து இறங்கியது. வீட்டைத் தொடாமல் ஒதுங்கிப்போய், வீட்டை ஒட்டியிருந்த ஆட்டுக்கொட்டிலை ஒன்பது ஆட்டோடு சேர்த்து மூடிவிட்டது. ஆறு நாள் தோண்டினோம். எட்டு ஆடும், அவருடைய துண்டும் கிடைத்தன. அவர் கிடைக்கவில்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஆளை எந்தக் குழியில் வைப்பது என்று யோசித்த சாமியார், அந்த அடுக்கையே கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டு இறங்கினார். தூங்கிப்போய்விட்டேன், எதுவும் கேட்கவில்லை என்று சலேத்தம்மாள் எல்லோரிடமும் சொன்னாள். மார்கழியில் ஜெசிந்தா பிறந்தாள். மாசியில் அந்த அடுக்கில் தப்பிய கொடிகள் முன்னும் பின்னும் காணாத அளவுக்குக் காய்த்தன. அந்தப் பழத்தை மிதிக்க மாட்டேன் என்று பிரகாசி இரண்டு நாள் அழுதாள், பிறகு அத்தை முறையை விட முடியாமல் மிதித்தாள். ரசம் கறுப்பாக வந்தது. ஒரு ஜாடிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சப் பழத்தைச் சந்தைக்கு அனுப்பிவிட்டோம்.

அந்த ஜாடியைத் திறந்தால் அந்த மழை வரும், மழை வந்தால் மலையும் வரும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஜெசிந்தா வளர்ந்தாள், தையல் படித்தாள், அவளைப்போல ஒரு பெண்ணை எங்கள் சரிவில் நான் பார்த்ததில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் காபி குடித்தார்கள், ஜாடி எந்த வருஷம் என்று கேட்டார்கள், போனார்கள். முறைப்படி பார்த்தால் அவள் என் மகன் பிலவேந்திரனுக்குத்தான். அவனுக்கும் அவளைப் பிடிக்கும், எனக்குத் தெரியும், வீட்டில் பிரகாசியும் கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஊருக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் என் அடுக்குக்குத்தான் பயந்தேன், அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே இருப்பது என் அடுக்கு. பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, திருப்பூருக்குப் போனான், திரும்பி வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு ஆனபோது மழை நான்காவது வருஷமாகப் பொய்த்திருந்தது. ஆயிரம் அடிக்குப் போட்ட போரில் புகைதான் வந்தது. தண்ணீர் லாரி இரண்டாவது அடுக்குக்குமேல் ஏறாது. இலை சுருண்டது, பிறகு கொடியின் நுனி கறுத்தது, பிறகு தண்டைக் கீறினால் உள்ளே பச்சை இல்லை. முப்பது வருஷத்துக் கொடி செத்தால் செத்ததுதான். ஊரில் மழை வருஷத்து ஜாடிகளெல்லாம் என்றோ கல்யாணங்களில் தீர்ந்துவிட்டன, இருந்த புட்டிகளையும் முதல் இரண்டு வருஷத்திலேயே குடித்துவிட்டோம், மண்ணுக்குள் மிச்சம் இருப்பதெல்லாம் காற்றும் வெயிலும் மஞ்சும், சின்னப் பிள்ளைகளின் வறண்ட வருஷங்களும்தான். முழுதாக ஒரு மழை ஊருக்குள் இருக்கிறதென்றால் அது ஜெசிந்தாவின் ஜாடிதான், அதுவும் உச்சி அடுக்கில், அங்கே பெய்தால் பதினாலு அடுக்குக்கும் தானாக இறங்கும். இருபத்தாறு வருஷமாக எந்த மழையைக் காட்டி அந்தப் பெண்ணை ஒதுக்கினோமோ அந்த மழையைக் கேட்டு நாட்டாமையும் சாமியாரும் நானும் படியேறினோம். மண் ஏற்கனவே சரிந்து முடிந்துவிட்டது, இனிச் சரிய மேலே ஒன்றும் இல்லை, ஜாடியில் வருவது காற்றும் தண்ணீரும் சத்தமும்தானே தவிர மண் அல்ல என்று நாட்டாமை வழி நெடுக விளக்கிக்கொண்டு வந்தார். இதை நீங்கள் ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. நானும் சொல்லியிருக்கலாம் என்பதால் சும்மா வந்தேன்.

சலேத்தம்மாள் முடியாது என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள், அழுதாள், வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள். பயப்படுகிறாள் என்று நினைத்து மற்ற இருவரும் இறங்கிவிட்டார்கள். ஜெசிந்தா என்னை மட்டும் இருக்கச் சொன்னாள். தையல் மிஷினை மூடிவிட்டு வந்து தாயின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஜாடி என்னுதும்மா,” என்றாள். “கல்யாணத்துக்குத்தான் தெறக்கணும்னு வச்சிருக்கு. கல்யாணம் வரல. இனி வரும்னு நீயும் நெனைக்கல, மாமாவும் நெனைக்கல. ஊரு கொடியாவது பொழைக்கட்டும்.”

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை, இருந்தும் எனக்குத் தலை நிமிரவில்லை. கல்யாணம் இல்லாமல் ஜாடியைத் திறந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு எங்கள் வழக்கப்படி அப்புறம் கல்யாணமே இல்லை. அது தெரிந்துதான் சொல்கிறாள்.

சலேத்தம்மாள் ரொம்ப நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அந்த மழைக்குள்ள அவரு இருக்காருண்ணே. நான் தூங்கல. வந்து கதவத் தட்டுனாரு. மூணு தட்டு. காலையில சண்ட போட்ட வீம்பு, நான் எந்திரிக்கல. நாலாவது ஒரு தட்டுத் தட்டியிருந்தா தெறந்திருப்பேன். தட்டல. கொட்டிலுப் பக்கம் போயிட்டாரு.”

இருபத்தாறு வயதுவரை ஒரு பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போனதற்கு ஊரின் பயம் பாதிக் காரணம் என்றால், மீதி எங்கே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வந்து கேட்ட ஒன்றிரண்டு வெளியூர்க்காரர்களையும் இவளே ஏன் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினாள் என்பதும் புரிந்தது. திறந்தால் ஊர் கேட்கும். அதைவிட, மகள் கேட்பாள்.

ஜெசிந்தா எழுந்துபோய்த் தாயின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

“மூணு தட்டுதானம்மா. கோவத்துல இருக்கிறவங்க யாரா இருந்தாலும் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். இத வச்சிக்கிட்டா இத்தன நாளும் தனியா கெடந்த? ஊரு கேட்டா கேக்கட்டும். நான் உன் பக்கம் நிக்கிறேன்.”

மகள் மன்னித்துவிட்டாள், என் கண்முன்னால், அவ்வளவு சுலபமாக. ஆனால் சலேத்தம்மாளின் முகம் தெளியவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் வேண்டாம் என்றாள். இவளுக்கு இன்னும் என்ன பயம் என்று யோசித்துக்கொண்டே நான் கீழே இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஊர் மொத்தமும் குடம், வாளி, அண்டா என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அடுக்கடுக்காக நின்றது. வாய்க்கால்களை வெட்டி விட்டிருந்தோம். சலேத்தம்மாள் வெளியே வரவில்லை, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பிரகாசி ஜாடியைத் தோண்டி எடுத்து, தன் கையால் வைத்த மெழுகைத் தன் கையாலேயே உடைத்தாள். ஜெசிந்தா குவளையில் ஊற்றினாள். அந்த ரசம் இன்னும் கறுப்பாகவே இருந்தது, மணம் மட்டும் ஈர மண்ணின் மணம், நான்கு வருஷமாக நாங்கள் மறந்திருந்த மணம். உச்சி அடுக்கின்மேல் மேகம் கூடியது, கூடி இறங்கியது, பிறகு மழை விழுந்தது. அப்படி ஒரு மழையை நான் என் வயதில் ஒருதரம்தான் பார்த்திருக்கிறேன், அது இதே மழைதான். வாய்க்கால் நிறைந்து பதின்மூன்றாவது அடுக்குக்கு இறங்கியது, அங்கிருந்து பன்னிரண்டு, பதினொன்று என்று இறங்க இறங்க ஒவ்வொரு அடுக்கிலும் சிரிப்புச் சத்தம் எழுந்தது. நாட்டாமை வேட்டியோடு வாய்க்காலில் படுத்துவிட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு மழைத்தண்ணீரைக் குடித்தார்கள். காய்ந்த கொடியின் அடியில் தண்ணீர் தேங்கி உறிஞ்சப்படுகிற சத்தம், பால் குடிக்கிற பிள்ளையின் சத்தம்போல, கரடு முழுக்கக் கேட்டது. குவளை தீரத்தீர ஜெசிந்தா ஊற்றிக்கொண்டிருந்தாள், ஆளாளுக்கு வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு இருட்டியது. பகல் பதினோரு மணிக்கு, அந்த அடுக்கில் மட்டும், பிற்பகல் மூன்று மணியின் இருட்டு. மழைக்குள் யாரோ இருமினார்கள். பிரகாசி கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டாள். அவள் அண்ணன் புகையிலை போடுகிறவர், அந்த இருமல் எனக்கும் தெரியும். ஆள் தெரியவில்லை, சேற்றில் கால் புதைந்து எடுக்கிற சத்தம் மட்டும் வந்தது, வீட்டு வாசலில் நின்றது.

தட்டினார். ஊர் அடங்கிவிட்டது. இரண்டாவது. மூன்றாவது. ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்து, முடிந்தது என்பதுபோல் தலையை அசைத்தாள். அப்போது நாலாவது தட்டு விழுந்தது.

“சலேத்து. தெற. மேல சொவரு அசையுது.”

ஐந்தாவது தட்டு. ஆறாவது. “எம்மேல கோவம்னா அப்பறம் வச்சிக்க. வயித்துப் பிள்ளையோட உள்ள இருக்காத, வெளிய வா.” ஏழு. எட்டு. உள்ளங்கையால் தட்டினார். ஒன்பது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் விட்டார், உள்ளே ஏதாவது அரவம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்திருப்பார். பதினொன்று மெதுவாக விழுந்தது, கை ஓய்ந்துபோனவர் தட்டுகிற தட்டு. கீழ் அடுக்குகளிலிருந்து ஏறி வந்தவர்களோடு நாங்கள் நூற்றைம்பது பேர் மழையில் நனைந்தபடி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளேதான் இருக்கிறாள், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், இப்போதாவது எழுந்து வருவாள் என்று நான் நினைத்தேன். இந்த முறையும் கதவு திறக்கவில்லை. கால் சத்தம் கொட்டில் இருந்த இடத்துக்குப் போனது. ஓர் ஆடு கத்தியது. பிறகு மலை இறங்குகிற சத்தம் வந்தது, சத்தம் மட்டும், மண் வரவில்லை. நாட்டாமை சொன்னது சரிதான்.

மழை அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் பெய்தது. ஒருவர்கூட அந்த மழைக்கு வைத்த குடத்தை எடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானும் என் வாய்க்காலின் மடையை அடைக்கவில்லை. ஜெசிந்தா ஜாடியைக் கவிழ்த்து, கடைசிக் குவளையைத் தானே குடித்து முடித்தாள். மழை நின்றது. வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது, அவள் போய்த் தட்டவில்லை. நனைந்த துணியோடு பதினாலு அடுக்கும் இறங்கி, கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் பிரகாசி அவள் துணிமணிகளையும் தையல் மிஷினையும் ஆள் வைத்து இறக்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் யாரிடமும் எதைப் பற்றியும் பேசவில்லை, ஜாக்கெட்டுக்கு அளவு கேட்டதோடு சரி.

ஒரு வாரம் கழித்து நான் மேலே போனேன். சலேத்தம்மாள் அடுப்படியில் எதையும் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவளே பேசினாள்.

“அன்னைக்கே எண்ணுனேண்ணே, பதினொண்ணு. அப்பறம் சொல்லிச் சொல்லி மூணாயிப்போச்சு. எனக்கே மூணுதான்னு தோணிப்போச்சு.”

ஜாடி திறந்த அன்றைக்கும் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் கழித்து எந்த முகத்தோடு திறப்பது என்றாள்.

கொடிகள் பிழைத்தன. மாசியில் அறுத்தோம், ரசம் போட்டோம், நல்ல ரசம், உச்சி அடுக்கைத் தவிர மற்றப் பதின்மூன்றிலும் ஒரே நிறம். சித்திரையில் நாட்டாமை தன் பேரன் கல்யாணத்துக்கு ஜாடியோடு சேர்த்துப் புதுப் புட்டி ஒன்றையும் திறந்தார். கொஞ்சம் தூறியது, இருமல் சத்தம் கேட்டது, அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. எல்லாக் கொடியும் குடித்தது அந்த ஒரே மழையைத்தானே. பிறகு யார் வீட்டில் யார் திறந்தாலும் தட்டுதான். இரண்டு மாதத்தில் ஊர் அதற்கும் பழகிவிட்டது. தட்டுச் சத்தம் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டும், திறந்து வாங்க என்று சொல்ல வேண்டும் என்பது வழக்கமாயிற்று. யாரும் சொல்லி வைத்த வழக்கமில்லை. வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள், கொஞ்சம் ஈரக்காற்று உள்ளே வரும். எந்த வீட்டிலும் மூன்றாவது தட்டுவரை போக விட்டதில்லை. சமவெளியில் ஒரு பங்குக்கோயிலுக்கு எங்கள் ரசம் பூசைக்குப் போகிறது, அங்கேயும் பக்கக் கதவு தட்டப்படுகிறதாம், கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை போய்த் திறந்துவிட்டு வருகிறாராம், அதே ரசத்தையே மறுபடியும் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் தட்டினால் பிரகாசியை முந்திக்கொண்டு நான் ஓடுவேன். தட்டுவது யார் என்று தெரியும், இருந்தும் திருப்பூரிலிருந்து பஸ் வருகிற நேரமாக இருந்தால் என் கால் நிற்காது.

புது ரசம் இல்லாத வீடுகள் இரண்டே இரண்டுதான், உச்சியில் சலேத்தம்மாளின் வீடும் கோயிலுக்குப் பின்னால் ஜெசிந்தாவின் அறையும். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் இரண்டு பக்கமும் போய் வந்தேன், இரண்டு பக்கமும் என்னை உட்காரச் சொன்னார்கள், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு பிற்பகல். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கோயில் முற்றத்தில் நானும் பிரகாசியும் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தோம். சலேத்தம்மாள் படியிறங்கி வருவதைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு அடுக்கிலும் நின்று மூச்சு வாங்கி, பார்த்தவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்தாள். என்னைக் கடந்துபோய் ஜெசிந்தாவின் அறை வாசலில் நின்று கதவைத் தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

இரண்டாவது தட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி பழக்கத்தில் தன் வீட்டுக் கதவைத் திறந்து வாங்க என்றாள், பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மூன்று. நான்கு. ஜெசிந்தாவின் நிழல் கதவின் இடுக்கில் வந்து நின்றதை நான் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு அவள் திறக்கவில்லை. சலேத்தம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அழவில்லை, தட்டினாள், அவ்வளவுதான். ஏழு. எட்டு. போதும் திறம்மா என்று சொல்ல நான் எழுந்தேன், பிரகாசி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஒன்பது. பத்து. பதினொன்றாவதைத் தட்டிவிட்டுச் சலேத்தம்மாள் கையைக் கீழே போட்டாள். கொட்டில் இருந்த திசைக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். போய்விடுவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் போகவில்லை, நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு மறுபடியும் கையைத் தூக்கினாள்.

பன்னிரண்டாவது தட்டுக்கு உள்ளே தாழ்ப்பாள் விலகியது. ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை, ஒதுங்கி நின்று வழி விட்டாள்.